ஃபேனை நிறுத்தி ஒட்டிய பாய்மர வண்டிகள்

காற்றால் ஓடுகிற வண்டியைக் காகிதத்தில் செய்து பிழைக்கிறவனுக்கு முதல் எதிரி காற்றுதான். சிரிக்காதீர்கள். கப்பலுக்குக் கட்டுகிற பாயை வண்டிக்குக் கட்டி, மாடும் இல்லாமல் இன்ஜினும் இல்லாமல் தரையில் ஓட்டியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் சீனாவிலும் ஹாலந்திலும். அதையெல்லாம் கல்யாணப் பத்திரிகை அட்டையில் சின்னதாகச் செய்து பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்குக் கொடுப்பது என் வேலை. பசை ஈரமாக இருக்கும்போது லேசாகக் காற்று பட்டாலும் பாய் கோணிவிடும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் நிமிராது. அதனால் ஒட்டும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிடுவேன். அதுவும் எங்கள் திண்டுக்கல் வெயிலில்! கரண்ட் போன மத்தியானத்தில் பனியனைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மீட்டர் பார்க்க வந்தவர்

சித்திரை மாதம், உச்சி வெயில். மீட்டர் குறிக்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நான் சட்டையில்லாமல், வேர்த்து ஒழுகச் சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி ஜெயமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அட்டை நறுக்குகிறாள். எங்கள் வீடு ஒற்றை அறை. தொழிலும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். மனிதர் நிறுத்தி வைத்திருந்த ஃபேனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிசம் கரண்டு போனா ஊரே சண்டைக்கு வருது. நீங்க என்னடான்னா ஃபேன அமத்திட்டு உக்காந்திருக்கீகளே!"

சீனாக்காரன் வண்டி

தொப்பம்பட்டியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர், மகள் பள்ளிக்கூடத்துக்காகச் சீனாவின் பாய் கட்டிய தள்ளுவண்டியைக் கேட்டு வந்தார். செய்து வைத்ததை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, காத்து நின்னு போச்சுன்னா அந்த ஆளு என்னங்க பண்ணுவான்?" என்றார்.

"கைப்பிடி இருக்குல்ல, தள்ளிக்கிட்டுப் போவான்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், பக்கத்தில் பசை கலக்கிக்கொண்டிருந்த ஜெயமேரியைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப, தள்ள ஆளு இல்லீன்னா வண்டி அங்கியே நின்னுக்குமுங்க."

செத்த நேரம்

அடுத்த வருசம் ஜெயமேரிக்கு இருதயம் பலவீனம் என்றார்கள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். நல்ல காற்றோட்டமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வைத்துக்கொண்டேன், ஒட்டாத நேரத்தில். அந்தச் சமயம் பார்த்துச் செம்பட்டிப் பக்கத்து டீச்சர் ஒருவர் ஹாலந்து வண்டி வேண்டும் என்று வந்தார். நாலு சக்கரம், ரெண்டு பாய்மரம், வண்டி நிறைய ஆட்கள். அம்மாம் பெரிய வேலை எனக்கு வந்ததே இல்லை. கிறுக்குப் பிடித்த மாதிரி செய்தேன்.

பெரிய பாயை ஒட்டிய அன்று மத்தியானம் ஃபேனை நிறுத்தினேன். கட்டிலில் கிடந்தவள் ஓர் அட்டைத் துண்டை எடுத்து விசிறிக்கொண்டாள். கொஞ்சம் கழித்துப் பார்த்தால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து விசிறுகிறாள். அந்தக் காற்றுகூடப் பாய் மேல் பட்டுவிடக் கூடாதாம். தொழில் தெரிந்தவள் என்று நான் பெருமைப்பட்டேன், மடப்பயல்! எழுந்து சுவிட்சைப் போடலாம். போடவில்லை. "இன்னும் செத்த நேரம்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவள் கோபப்படாமல் கேட்டது ஒன்றேதான்.

"என்னங்க, காஞ்சிருச்சா? ஃபேன போடலாமா?"

டீச்சர் சொன்னது

அன்று சாயங்காலமே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் போய்விட்டாள். ஃபேனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் என் தோளைப் பிடித்துச் சொன்னார். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவள் காற்றுக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. அதை எந்த டாக்டர் வந்து மாற்றிச் சொல்ல முடியும்?

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து டீச்சர் வண்டியை வாங்க வந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. சுவரில் அவள் படம்கூட இன்னும் மாட்டவில்லை. நான் வண்டியை எடுத்து நீட்டினேன். வண்டியை மேசையில் வைத்து லேசாக ஊதினார். மறுகோடி வரை ஓடியது. அப்புறம் பெரிய பாயை விரலால் தடவிப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்துபோய்.

"எம்புட்டு நேர்த்தி சார்! பாயில ஒரு சுருக்கம்கூட இல்லையே!"

இப்போது என் வீட்டில் ஃபேன் நாள் பூராவும் ஓடுகிறது, ஒட்டுகிற பாயெல்லாம் கோணிக்கொண்டு போகிறது, போடலாமா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.