பத்துப் பேர் நிற்கும் வாசல்

பதுளையில், மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கும் அரச அலுவலகம் ஒன்றில், என் கதிரையை விட்டு எழும்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். எங்கள் மேலதிகாரி நிர்வாகப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தார். அன்றோடு ‘பயனாளி’ ஒழிந்தார். இனி எல்லோரும் வாடிக்கையாளர்கள் என்று சுவரில் எழுதினார்கள். கூடவே, வீடுகளுக்குப் போய் அளவெடுப்பது காலவிரயம், தொலைபேசியில் கேட்டுக் கோப்பை முடியுங்கள் என்றார். மலையேற வேண்டாம் என்றதும் முதலில் கைதட்டியவன் நான்தான்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தார். கணவர் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு வருடமாக, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அறைக்குள்ளேயே படுக்கை. தொலைபேசியில் அவரை அழைத்தேன்.

“வெளிய வந்து நாலு பேரோட பேசணும்ங்கிறாரு. அவ்வளவுதாங்க.”

“வாசல் எவ்வளவு அகலம், அம்மா?”

“வாசலா? அது கெடக்குங்க பெருசா. பத்துப் பேரு தாராளமா நிக்கலாம்.”

பெருமையடிக்கிறார் என்று ரசித்து, இருப்பதிலேயே அகலமான நாற்காலிக்குக் குறி போட்டேன். நான்கு நிமிடத்தில் கோப்பு முடிந்தது. அந்த மாதத்தின் வேகமான அலுவலர் என்று என் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வரிசை இலக்கத் துண்டோடு அலுவலகத்தில் என் முன்னால் நின்றார்.

“நாக்காலி உள்ள போகலீங்க ஐயா. அவர தூக்கிட்டு வர எனக்குத் தெம்பில்ல. பக்கத்து வீட்டுக்காரரு அதுல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. இவரு உள்ளருந்து பாத்துக்கிட்டு கெடக்காரு.”

“வாசல் பெரிசெண்டுதானே சொன்னீங்கள்?”

“வாசல் பெருசுதாங்க. கதவு நெலைதான் சிறுசு.”

யாழ்ப்பாணத்தானாகிய எனக்கு வாசல் என்றால் கதவு இருக்கும் இடம். அவருக்கு அது லயத்துக்கு முன்னாலுள்ள முற்றம். இருபது வருடம் இந்த ஊரில் குடியிருந்து, அலுமாரி நிறையத் தமிழ் வாசித்ததன் பலன்.

“முடிஞ்ச கோப்பைத் திறக்க ஏலாதம்மா.”

“கடையில சட்டை பத்தலைன்னா மாத்திக் குடுக்குறாங்களே? நாங்க வாடிக்கையாளருன்னு செவத்துல எழுதிப் போட்டிருக்கீங்க!”

மேலதிகாரியின் கொள்கையை முழுதாக விளங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

சனிக்கிழமை அளவு நாடாவோடு மலையேறினேன். மூச்சு வாங்க நிலையருகே நின்ற என்னைப் படுக்கையிலிருந்தே கணவர் வரவேற்றார்.

“வாங்க சார். வாசல்ல நாக்காலி சும்மாதான் கெடக்கு, உக்காருங்க.”

உட்காரவில்லை. திங்கட்கிழமை, கோப்பைத் திரும்பத் திறக்கக் காரணம் கேட்ட படிவத்தில் ‘வாடிக்கையாளரின் தவறு’, ‘விநியோகத் தவறு’ என்று இரண்டே கட்டங்கள். இரண்டையும் வெட்டிவிட்டு, ‘அலுவலரின் தமிழ்’ என்று எழுதினேன். சுவரிலிருந்த என் படம் அன்று மாலையே காணாமல் போனது.

ஒடுக்கமான நாற்காலி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் விசாரித்தேன்.

“வாசல்லதாங்க உக்காந்திருக்காரு. பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கோவம், பழைய நாக்காலிய ஏன் திருப்பி எடுத்துட்டுப் போனீங்கன்னு.”