ஹாரன் கடையில் ரெண்டு காது

கார் ஆக்சஸரீஸ் கடைன்னா சீட் கவரும் சாமி பொம்மையும் விக்கற இடம்னு நெனச்சிக்கினு கல்யாணம் பண்ணி வந்தவ நான். வந்தப்புறம்தான் தெரிஞ்சது, பத்து பேர் கடைக்கு வந்தா எட்டு பேருக்கு வேண்டியது ஹாரன். வண்டி புதுசோ பழசோ, சின்னதோ பெருசோ, கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த ஹாரன் மட்டும் யாருக்கும் பத்தாது. "குருவி கத்தற மாதிரி இருக்குதுங்க"ன்னு மூஞ்சைச் சுளிச்சிக்கினே உள்ள நுழைவாங்க.

திருவண்ணாமலையில வேங்கிக்கால் பக்கம் மெயின் ரோட்டு மேலயே எங்க கடை. கல்லாவுல நான். ஒயரிங், ஃபிட்டிங் எல்லாம் எங்க வீட்டுக்காரர் பழனி. ஹாரன் மாட்டினா அடிச்சிப் பாக்கணும். அடிச்சிப் பாக்கறப்ப அவர் தலை பானட்டுக்குள்ள இருக்கும். வருஷக்கணக்கா இதே பொழப்பு. பவுர்ணமி வந்துட்டா போதும், சுத்துப்பட்டு வண்டியெல்லாம் கிரிவலத்துக்கு ஊருக்குள்ள இறங்கிடும். நாங்க மாட்டினது, மத்த கடைக்காரங்க மாட்டினது எல்லாம் சேந்து ஒரே நேரத்துல கத்தும். நீங்களும் அந்த நெரிசல்ல சிக்கிக் காதைப் பொத்திக்கினு நின்னவங்களாத்தான் இருப்பீங்க. உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லி அழறது?

காது டாக்டர்

போன வருஷம் இவருக்குக் காதுக்குள்ள 'ஙொய்'னு ஒரு சத்தம் ஆரம்பிச்சது. படுத்தா கொசு சுத்துதுன்னு எழுந்து எழுந்து துண்டால விசிறுவாரு. கொசுவே இல்லன்னு எனக்குத் தெரிஞ்சப்புறம் டாக்டர்கிட்ட இஸ்துகினு போனேன். ஒரு கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சி, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேக்கறப்பல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னாங்க. மிஷின்ல என்னென்னவோ திருகறாங்க, இவர் பட்டன் மேல விரலை வெச்சிக்கினு சும்மா உக்காந்திருக்காரு. 

"ரெண்டு காதுலயும் மெல்லிசான சத்தமெல்லாம் போக ஆரம்பிச்சிடுச்சிம்மா. போனது திரும்பாது. இதே மாதிரி சத்தத்துல கெடந்தா மிச்சம் இருக்கறதும் போயிடும்"னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. என்ன வேலைன்னு கேட்டதுக்கு இவர் "எலெக்ட்ரிகல் சார்"னு முழுங்கினாரு பாருங்க, எனக்கு வந்ததே கோவம். "கார் ஹாரன் மாட்றவரு டாக்டர், நல்லா நாலு வார்த்தை திட்டுங்க"ன்னேன். டாக்டர் பேனாவைக் கீழ வெச்சாரு. திட்டப் போறாருன்னு நானும் நிமிந்து உக்காந்தேன்.

"அப்படியா! பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா என் கார் ஹாரனை ஒருத்தனும் மதிக்க மாட்றான்ங்க. கொஞ்சம் கணீர்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன்."

ஏழு சீட்டு வண்டி

அன்னைலருந்து நான் கடையில ஒரு சட்டம் போட்டேன். ஹாரன் வேணும்னா டப்பாவோட வாங்கிக்க வேண்டியது, யாருக்கும் அடிச்சிக் காட்றதில்ல. சட்டம் போட்ட வாரமே கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒரு மல்லாட்டை வியாபாரி வந்தாரு. மல்லாட்டைன்னா வேர்க்கடலைதான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர், வண்டி மட்டும் ஏழு பேர் உக்கார்றது. "இருக்கற எல்லாத்தையும் ஒருவாட்டி அடிச்சிக் காட்டும்மா"ன்னாரு. முடியாதுங்கன்னேன். "பொண்ணைப் பாக்காம போட்டோவைப் பாத்தா தாலி கட்டுவாங்க?"ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்து வந்து, என் மூஞ்சைப் பாக்காமயே, பேட்டரியில ஒயரைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொண்ணா அடிச்சிக் காட்டினாரு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சி. அந்த ஆளானா "கம்மி கம்மி, இன்னும் ஜாஸ்தியா எடு"ங்கறாரு.

"கீழ்பென்னாத்தூர்ல அவ்ளோ டிராஃபிக்கா இருக்கு?"ன்னு கேட்டப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. அவர் வீடு இருக்கற சந்துல அந்த வண்டி நுழையாது. வாங்கறதுக்கு முன்னாடி யாரும் சந்தோட அகலத்தை அளந்து பாக்கல, வாங்கிட்டு வந்து அளந்தாங்களாம். அதனால வண்டியை ரோட்டு மேலயே நிறுத்திட்டு அங்கருந்து ஹாரன் அடிப்பாராம், சம்சாரம் தெருவெல்லாம் நடந்து வந்து பையை வாங்கிக்கினு போவணுமாம். அந்தம்மாவை நெனச்சி எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சி. "ஒரு போன் பண்ணா வந்துட மாட்டாங்களா?"ன்னு கேட்டேன்.

"போன் பண்ணா அவ மட்டும்தாம்மா வருவா. ஹாரன் அடிச்சா வண்டி வந்திருக்குன்னு ஊருக்கே தெரியும்."

எலுமிச்சம்பழமும் கரண்டு வண்டியும்

கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு சார், வேங்கிக்கால்ல புதுசா வீடு கட்டி வந்தவர். கரண்டுல ஓடற கார் வாங்கியிருந்தாரு. "இன்ஜின் சத்தமே கிடையாதும்மா"ன்னு பெருமையா காட்டிட்டு, எங்க கடையில சீட் கவர் மட்டும் போட்டுக்கினு போனாரு. இப்படி நாலு பேர் வந்தா எங்க வீட்டுக்காரர் காது பொழச்சிக்கும்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஒரு வாரத்துல மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு திரும்பி வந்தாரு. புது வண்டின்னா எங்க ஊர்ல முதல்ல பிள்ளையார் கோயில் வாசல்ல பூஜை. நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வெச்சி, கற்பூரம் காட்டி, வண்டியை எடுத்து பழத்தை நசுக்கணும். குருக்கள் பழத்தை வெச்சிட்டு "ஸ்டார்ட் பண்ணுங்கோ"ன்னாராம். "பண்ணிட்டேன் சாமி"ன்னாராம் சார். "ஸ்டார்ட் ஆகலையே, சத்தமே வரலையே"ன்னு குருக்கள். "ஓடிக்கினுதான் சாமி இருக்குது"ன்னு இவர். குருக்கள் நம்பல. பேட்டரி போயிடுத்து போலிருக்குன்னு சொல்லிக்கினே, உருண்டு போன பழத்தை எடுக்கலாம்னு வண்டிக்கு முன்னாடி முதுகைக் காட்டிக்கினு குனிஞ்சிருக்காரு. எல்லாம் முடிஞ்சிதுன்னு நெனச்சி சார் ஆக்சிலேட்டர்ல காலை வெச்சிருக்காரு. வண்டி மூச்சு விடாம போயி குருக்களைப் பின்னாடி ஒரு தட்டு தட்டிடுச்சி. கற்பூரத் தட்டு ஒரு பக்கம், குருக்கள் ஒரு பக்கம். நல்லவேளை அடி ஒண்ணும் படல. ஆனா சுத்தி நின்னவங்க வீடியோ எடுத்துட்டாங்க.

அதோட விட்டதா? மாட வீதியில போனா பின்னாடி கார் வர்றது யாருக்கும் தெரிய மாட்டேங்குதாம், நட்ட நடுவுல கதை பேசிக்கினு போறாங்களாம். ஹாரன் அடிச்சா தூக்கிவாரிப் போட்டு, திரும்பி நின்னு வாய்க்கு வந்தபடி திட்றாங்களாம்.  அப்பறம் மெதுவா கேட்டாரு.

"சத்தம் புடிக்காமத்தான்மா இந்த வண்டியே வாங்கினேன். பழைய டீசல் வண்டி மாதிரி கடகடன்னு சத்தம் மட்டும் வர்ற ஸ்பீக்கர் ஏதாச்சும் இருந்தா மாட்டிக் குடும்மா."

ஆரஞ்சு காதுமூடி

கடையை மூடிடலாம்னு சொன்னா கேக்கற ஆளா இவர்? சரி, காதையாவது மூடலாம்னு ஃபேக்டரியில மாட்டிக்குவாங்களே, ஆரஞ்சு கலர்ல பெரிய காதுமூடி, அதை ஆன்லைன்ல வரவழைச்சேன். முதல் நாள் மாட்டிக்கினு வேலை பாத்தாரு. வந்த கஸ்டமருக்கெல்லாம் மூக்கு மேல கோவம். "நாங்க பேசினுகீறோம், இவரு பாட்டு கேட்டுக்கினுகீறாரே"ன்னு ஒருத்தர். "தொழில் ஜாஸ்தியாயிட்டா மரியாதை கம்மியாயிடும்"னு இன்னொருத்தர். ஒருத்தர் வண்டியையே திருப்பிக்கினு போயிட்டாரு.

சாயங்காலம் பாத்தா காதுமூடி ஆணியில தொங்குது. நான் சாமி ஆடாத குறைதான். "உங்களுக்குக் காது வேணுமா, கஸ்டமர் வேணுமா? நாளைக்கு நான் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேக்காதுங்க, புரியுதா?"ன்னு கத்தினேன். கத்தினப்புறம்தான் உறைச்சது, நானும் அதே காதுலதான் கத்திக்கினு இருக்கேன்னு. அவருக்குக் கோவமே வரல. ஸ்க்ரூ டிரைவரைத் தொடைச்சி வெச்சிக்கினே சொன்னாரு.

"பல் புடுங்கறவன் பல்லைப் பொத்திக்கினு நின்னா எவன்டி வாயைத் தெறப்பான்?"

உள்ளே மௌனம்

ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கற ஒரு சென்னைக்காரர் வந்தாரு. வெள்ளை ஜிப்பா, கழுத்துல மாலை. பேசறதே காத்து மாதிரி அவ்ளோ மெதுவா. மௌனம் பழகறதுக்காகவே மாசாமாசம் வர்றாராம். காருக்குள்ள உக்காந்தா வெளிச்சத்தம் ஒரு பொட்டு கேக்கக் கூடாது, கதவு, தரை, கூரை எல்லாத்துக்கும் சத்தம் தடுக்கற ஷீட் ஒட்டிக் குடுங்கன்னாரு. ரெண்டு நாள் வேலை. மௌனமான வேலை. நான் காபி வாங்கிக் குடுத்து உபசாரம் பண்ணேன். எல்லாம் முடிஞ்சி, கதவைச் சாத்தி உள்ள உக்காந்து கண்ணை மூடிப் பாத்தாரு. பரம திருப்தி. கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாரு.

"ரொம்ப நன்றிம்மா, உள்ள அவ்ளோ அமைதியா இருக்கு. ஆனா ஹாரன் அடிச்சா எனக்கே கேக்க மாட்டேங்குதே, அதை மட்டும் பெருசா மாத்திக் குடுத்துடுங்க."

ஹாரன் கேக்காத பொண்ணு

போன மாசம் ஒரு பொண்ணு வந்தா. நர்ஸ். சொந்த சம்பாத்தியத்துல செகண்ட் ஹேண்டுல ஒரு சின்ன வண்டி வாங்கியிருந்தா. "அக்கா, ஹாரன் எல்லாம் வேணாம். ரிவர்ஸ் எடுக்கறப்ப எங்கயாச்சும் இடிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு. பின்னாடி சென்சார் மட்டும் வெச்சிக் குடுங்க"ன்னா. அவளை அப்படியே கட்டிப் புடிச்சிக்கலாம் போல இருந்துச்சி எனக்கு. அந்த சென்சார் தெரியுமில்ல? பின்னாடி சுவரோ ஆளோ கிட்ட வந்தா காருக்குள்ள ஒரு சின்ன டப்பா 'பீப் பீப்'னு சன்னமா கத்தும். எங்க கடையில இருக்கறதுலயே யாருக்கும் தொந்தரவு பண்ணாத சத்தம் அது ஒண்ணுதான்.

இவர் மாட்டி முடிச்சிட்டு டிரைவர் சீட்ல உக்காந்து ரிவர்ஸ் கியர் போட்டாரு. என்னைப் பின்னாடி வந்து நிக்கச் சொன்னாரு. நான் நின்னேன். கதவு தெறந்துதான் இருந்துச்சி, 'பீப் பீப்'னு எனக்கு நல்லாவே கேட்டுச்சி. இவர் தலையை வெளிய நீட்டி, "பீஸ் டெட்டுடி, வேற எடுத்தா"ன்னாரு. வெளையாட்றாருன்னு நெனச்சேன். மூஞ்சைப் பாத்தா வெளையாட்டு இல்ல.  உள்ள போயி வேற டப்பா எடுத்தாந்து குடுத்தேன். மாத்தினாரு. அது 'பீப் பீப் பீப்'னு கத்திக்கினு இருக்கறப்பவே, "இதுவும் டெட்டு. எப்படி ஏமாத்தறானுங்க பாரு"ன்னு சரக்கு போடறவனுக்குப் போன் பண்ணி திட்ட ஆரம்பிச்சிட்டாரு. இன்னொண்ணு எடுத்தாந்து குடுத்தேன். வேற என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க? கஸ்டமருக்கு முன்னாடி எப்படிச் சொல்றது?

மூணாவதும் கத்துச்சி. இவர் டப்பாவைக் காதுகிட்ட வெச்சி ஆட்டி ஆட்டிப் பாக்கறாரு. நான் அந்தப் பொண்ணைப் பாத்து, வாயைத் தெறக்காதேன்னு கண்ணால கெஞ்சினேன். அவ என் பக்கம் திரும்பவே இல்ல. ஏதோ உதவி பண்றதா நெனச்சிக்கினு அவர்கிட்ட குனிஞ்சி சொன்னா.

"அண்ணே, மூணுமே நல்லாத்தாண்ணே இருக்கு. முதல்லருந்தே அடிச்சிக்கினுதானே இருக்குது, உங்களுக்குக் கேக்கலயா?"

இப்ப கடை வாசல்ல 'இங்கு ஹாரன் விற்பதில்லை'ன்னு எங்க வீட்டுக்காரரே பெருசா எழுதி போர்டு மாட்டிட்டாரு, வர்றவங்க அதுக்கு நேரா வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிச்சி எங்களை வெளிய கூப்பிட்டுத்தான் ஏன்னு கேக்கறாங்க.