மூன்றாவது ஆல்பம்

என் அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே படத்தை நெருப்பில் போகவிட்டவன் நான்.

போட்டது அண்ணியின் கை. போடலாம் என்று சொன்னது என் தலை. வாயைக்கூடத் திறக்கவில்லை... தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது என்று நினைத்து ஆரம்பித்தேன். சுலபமாக இல்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் என் கடையில்தான் ஸ்கேன் ஆகும். வருகிறவர்களிடம், "ஒரு காப்பிய நம்பாதீங்க, ரெண்டு எடத்துல வையுங்க" என்று தவறாமல் உபதேசம் செய்வேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் பார்த்துச் சொன்னது போலிருக்கும்.

எங்கள் ஊர் ரிஷிவந்தியம் பக்கம். அங்கே வெகுகாலம் அண்ணியும் அவர் மகள் பிரியாவும் மட்டும்தான். அண்ணன் முருகேசன் இறந்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் ஏற்றி வரும் வேன் அவனுடையது. ஒரு மழைநாளில் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்தது. பிரியாவுக்கு அப்போது ஐந்து வயது.

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவன். அப்பா போன பிறகு அவன் படிப்பை விட்டான், நான் விடவில்லை. பள்ளி விடுமுறைகளில் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவான். கரியாலூரில் டீக்கடை வந்ததும் நிறுத்துவான். பன்னைத் தன் டீயில் நனைத்து என் வாயில் திணிப்பான். உள்நாக்குத் தெரியத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பின் சத்தம் இப்போது எனக்கு நினைவில் இல்லை... எவ்வளவு முயன்றாலும் வரவில்லை.

ஊர் வீட்டில் மூன்று ஆல்பங்கள் இருந்தன. முதலிரண்டில் அப்பா, அம்மா, காதுகுத்து, பள்ளிக்கூடப் படங்கள். மூன்றாவது அண்ணனுடையது. அவன் கல்யாணத்தில் தொடங்கி, கரியாலூருக்குப் பக்கத்து அருவியில் எடுத்த ஒரு படத்தோடு முடியும். லுங்கியை மடித்துக் கட்டி, பிரியாவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சிரிக்கிறான். நண்பனிடம் இரவல் வாங்கிய ஃபிலிம் கேமராவில் நான்தான் எடுத்தேன். நெகட்டிவ் எப்போதோ தொலைந்தது. கழுவித் தந்த ஸ்டூடியோவும் இப்போது இல்லை.

பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருடம், ஆல்பங்களில் கரையான் ஏறிவிட்டது என்று அண்ணி போன் செய்தார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று பெருமையாகச் சொல்லி, மூன்றையும் கடைக்கு எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. ஒவ்வொரு படத்தையும் உரித்து, துடைத்து, ஸ்கேன் செய்து, அரித்த ஓரங்களை வெட்டிச் சீராக்கி, ஆண்டு, விசேஷம், பெயர் என்று தலைப்பிட்டு அடுக்கினேன். கடையில் ஒரு ஹார்டு டிஸ்க், வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க். இரண்டிலும் மூன்று ஃபோல்டர்கள். மூன்றாவதற்கு ‘அண்ணன்’ என்று பெயர் வைத்தேன்.

மூன்றாவது ஆல்பத்தைத் திறந்த அன்று கை ஓடவில்லை.

ஸ்கேனரில் படத்தைக் கண்ணாடிமேல் முகம் குப்புற வைத்து மூடியைச் சாத்த வேண்டும். அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்து மூடியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கண்ணாடி மூடியை என் கையால்தான் சாத்தினேன். இன்னொரு முறை அவன் முகத்தின் மேல் ஒரு மூடியைச் சாத்த என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு என்றேன். அதற்கடுத்த ஞாயிறு என்றேன்.

இது உண்மையா, நானே பிற்பாடு கட்டிக்கொண்ட சாக்கா? எனக்கே நிச்சயமில்லை. வெறும் சோம்பலுக்குத் துக்கத்தின் சட்டையைப் போட்டுவிட்டேனோ என்னவோ!

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், ஆல்பங்கள் எங்கே என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிந்ததா என்றார். முடிந்தது, இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன் என்றேன். பொங்கல் கழித்து ஏதாவது சொல்லி மூன்றாவதை வாங்கி வந்து ஸ்கேன் செய்துவிடலாம் என்பது என் கணக்கு. என்ன கெட்டுவிடப்போகிறது?

போகியன்று காலை ஊருக்குப் போனேன். வாசலில் பழைய பாய், முறம், கிழிந்த சாக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் மூன்று ஆல்பங்களும் இருந்தன. அண்ணியின் அம்மா வந்திருந்தார். கரையான் முகத்தை அரித்த படத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பெண்ணுக்கு நல்ல காரியம் பேசக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். காப்பிதான் இருக்கிறதே என்று அண்ணியும் ஒத்துக்கொண்டிருக்கிறார். என் சொல்லை நம்பித்தான் அத்தனையும்.

முதல் ஆல்பம் போனது. இரண்டாவது போனது. பிளாஸ்டிக் உறைகள் சுருண்டு கரும்புகை எழுந்தது. மூன்றாவதைக் கையிலெடுத்த அண்ணி கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை.

"இது ஒன்னு மட்டும் அரிக்காம நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாம் இருக்குதில்ல தம்பி?"

ஒரே ஒரு வார்த்தை போதும். ‘இருங்க அண்ணி’ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல என்ன தடை? அண்ணியின் அம்மா நின்றார், பங்காளிகள் இரண்டு பேர் நின்றார்கள். ‘கம்ப்யூட்டர் தெரிந்தவன்’ என்று அவர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர். முடிக்காததை முடித்தேன் என்று சொன்னவன் என்று தெரிந்துவிடுமே... அந்த அற்ப வெட்கம்தான். வேறொன்றுமில்லை.

தலையை ஆட்டினேன்.

அண்ணி ஆல்பத்தை மூடி, நெருப்பில் வீசாமல், குனிந்து மெதுவாக வைத்தார். நான் புகை கண்ணில் பட்டதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்துப் பிரியாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. துணியெடுக்க வந்த அண்ணி ஒரு மதியம் கடைக்கு வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டரைத் தொட்டறியாதவர், செல்போன் கடையில் விசாரித்து வாங்கியிருக்கிறார்.

"பேனர்ல அந்த அருவிப் படத்தப் போடணும் தம்பி. வூட்ல மாட்டியிருக்கிறது லைசென்ஸ் படம். அதுல யாரையோ பாக்கறமாரி இருக்குது. சிரிச்சிக்கினு இருக்கட்டுமே, மவ கல்யாணத்துலயாச்சும்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்றேன்.

அண்ணி பதறவில்லை. "ரெண்டு எடத்துல வச்சிருக்கேன்னியே. இன்னொரு எடத்துல பாரு" என்றார்.

நான் ஊருக்குச் செய்த உபதேசம் என் எதிரிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது! அதுவும் கெட்டுவிட்டது, சென்னையில் இதற்கென்றே இருக்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன், அழிந்த படங்களை மீட்டுத் தருவார் என்று அளந்தேன். வாய் கூசவில்லை. அதுதான் எனக்கு இன்றும் அச்சமாக இருக்கிறது.

"கெடைச்சா இதுல ஏத்திக் குடு. இனிமே மூணு எடத்துல இருக்கட்டும்" என்று பென்டிரைவை என் பக்கம் தள்ளினார்.

கல்யாண பேனரில் அண்ணன் லைசென்ஸ் படத்தில்தான் நின்றான், போலீஸ் நிறுத்திக் கேள்வி கேட்டதுபோல. பிரியா மாலையோடு அந்தப் பேனருக்குக் கீழே நின்று கும்பிட்டாள். அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் அப்பா சிரிக்கவே தெரியாதவர்.

கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்கேன் செய்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஏதாவது ஒரு மூலையில் அவன் இருக்கமாட்டானா? ‘அண்ணன்’ ஃபோல்டர் காலி. அதன் நகலும் காலி. வெறுமையை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு!

அப்போதுதான் வேறொரு படம் வந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அன்று, பள்ளிக்கூட வாசலில் எடுத்தது. நான் மட்டும் நிற்கிறேன். என் தோளில் ஒரு கை இருக்கிறது. வேனின் பின்கதவில் சிக்கி நசுங்கிய கட்டைவிரல் நகம். அண்ணனின் கை.

அவன் என் பக்கத்தில் நின்றிருக்கிறான். முகத்துக்குப் பக்கத்தில் கரையான் அரித்திருந்த நினைவு. படம் அழகாக இருக்க வேண்டுமென்று அந்த ஓரத்தை வெட்டியவன் நானே. வெட்டியதையே சேமித்து, அதையே நகலெடுத்து... அசல் போகியில் போய்விட்டது.

திரையில் அந்த நகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டங்கட்டமாகக் கலைந்துபோனது. பழைய அளவுக்குக் கொண்டுவந்து, என் தோளை நானே தொட்டுப் பார்த்தேன். அண்ணா, ஒரு தடவை அந்தப் பன்னை நனைத்துக் கொடேன் என்று கடைக்குள் தனியாக உட்கார்ந்து சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அந்த ஒரு படத்தை அண்ணியின் பென்டிரைவில் ஏற்றினேன். கொடுக்கவில்லை. முகம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? மேசை இழுப்பறையில் ரப்பர் முத்திரைகளோடு கிடக்கிறது.

போன வாரம் அண்ணி கடைக்கு வந்தார். பிரியா முழுகாமல் இருக்கிறாளாம். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாத்தாவைக் காட்டவாவது அந்த அருவிப் படம் வந்துவிடும் என்று சொன்னார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். அவர் குரலில் கேலியில்லை, சந்தேகமில்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"அந்த மெட்ராஸ்காரரு இன்னும் தேடிக்கினுதான் இருக்காரா தம்பி?"

நான் தலையை ஆட்டினேன்.