மச்சானின் பாட்டுகள் குடிபெயர்ந்தபோது

என் அக்காவை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். லாத்தாவின் கணவர், என் மச்சான், சிதம்பரத்திலிருந்து போன் செய்தால் முதலில் என் உடம்பு, பிறகு என் வேலை, பிறகு கடலூரில் மழை உண்டா என்று வரிசையாக விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று எதையும் விசாரிக்கவில்லை.

"மாப்ள, புது லேப்டாப் வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து பாட்டயெல்லாம் மாத்திக் குடுத்துட்டுப் போ."

நான் கடலூர் முதுநகரில் ஒரு லாரி ஆபீசில் பில் போடுகிறவன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது பில் போடுவது. அது அசையாமல் நின்றுவிட்டால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. ஆனால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான். யார் வீட்டிலாவது பிரிண்டர் முரண்டு பிடித்தால் எனக்குத்தான் போன் வரும். ஒருமுறை வாஷிங் மெஷினுக்கும் வந்தது.

மச்சானின் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துபாயில் ஒரு கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமைகளில் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் படுத்துத் தூங்க, இவர் மட்டும் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார். சிடியிலிருந்து, நண்பர்களின் பென் டிரைவிலிருந்து, எங்கெங்கிருந்தோ. ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தைலமும் போர்வையுமாகக் கொண்டு வந்தார்கள். இவர் பெட்டி நிறையப் பாட்டுக் கொண்டு வந்தார். "தைலம் கொஞ்சம் ஜாஸ்தியா கொண்டாந்திருக்கலாம்" என்று லாத்தா இன்றைக்கும் சொல்வாள்.

அதையெல்லாம் அவர் தினுசு தினுசாகப் பிரித்து, பெயர் வைத்து, வரிசை போட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கு என்று பக்திப் பாட்டுகள். வண்டி ஓட்டும்போது கேட்பதற்கு ஒன்று. மழைக்கு ஒன்று. 'விருந்தாளி' என்று ஒன்று. 'விருந்தாளி கிளம்ப' என்றும் ஒன்று. நான் போகும்போது எதைப் போடுவார் என்று இதுவரை கேட்டதில்லை. எந்த வரிசையிலும் ஒரு பாட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போகக் கூடாது. கேட்டால் முழுசாகக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தயாராக இருந்தார். மேசை மேல் லேப்டாப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். லாத்தா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, இப்படி மாத்தும்போது ஒண்ணு ரெண்டு தவறிப் போறது சகஜந்தானே?"

"கவலப்படாத லாத்தா. ஒண்ணும் போவாது."

"நான் கவலப்படுறேன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு இறாலைக் கவனிக்கத் தொடங்கினாள்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. கூடத்துக்கு வந்து, "பழைய கம்ப்யூட்டர் எங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"குடுத்துட்டேனே! அதக் குடுத்தாத்தான் இதுல வெல கொறப்பேன்னு கடைக்காரர் சொன்னாரு. பாட்டெல்லாம் இதுல ஏத்திட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கை எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். "டி டிரைவ அப்படியே எடுத்துட்டேன். என் பாட்டு எல்லாம் டி-லதான்."

பாட்டுகளைப் புது லேப்டாப்புக்குள் இழுத்துப் போட்டேன். திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவரைப் போல மச்சான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, கரண்டு எல்லாம் லேப்டாப்புக்கே போகட்டும் என்றார்.

பாட்டுகள் வந்துவிட்டன, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்தேன். ஆனால் வரிசைகளைத் திறந்தபோது ஒரு பாட்டுக்கும் உயிர் இல்லை. பெயர்கள் எல்லாம் வெளிறிப்போய், பக்கத்தில் ஆளுக்கொரு ஆச்சரியக்குறியோடு நின்றன. எதை அழுத்தினாலும், பாட்டைக் காணோம் என்றது லேப்டாப்.

"மாப்ள," என்றார் மச்சான். ஆச்சரியக்குறிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நல்லவேளை, இதே மாதிரி எங்கள் ஆபீசில் பில் மாதிரிகளைப் புது மெஷினுக்கு மாற்றியபோதும் நடந்திருக்கிறது. அந்த வரிசைகளில் ஒன்றை நோட்பேடில் திறந்து காட்டினேன்.

"பாருங்க மச்சான். இந்த லிஸ்டுக்குள்ள பாட்டு கெடயாது. பாட்டு எந்த வீட்டுல குடியிருக்குன்னு வெலாசம் மட்டுந்தான் இருக்கு. எல்லாம் டி-ன்னு பழைய வெலாசம். புது லேப்டாப்புல டி-யே இல்ல, சி மட்டுந்தான்."

"அப்ப போஸ்ட்மேன் பழைய வீட்டுக்கே போயிட்டு இருக்கான்ற?"

"அதேதான்."

ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பழைய விலாசத்தை எடுத்துவிட்டுப் புது விலாசத்தைப் போட்டேன். மொத்தமாக மாற்றுகிற வழி இருப்பதால் பெரிய வேலை இல்லை. ஆனால் பெரிய வேலை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். முதலில் வண்டிப் பாட்டு பாடியது. "மாஷா அல்லாஹ்!" என்று மச்சான் என் முதுகில் போட்ட அடியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு மழை, பிறகு விருந்தாளி. சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் பாடின, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றின் பெயர் 'அவளுக்குப் பிடித்தவை.'

இறால் ஆணமும் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்து அதைத் திறந்து பார்த்தேன். அதன் விலாசம் மட்டும் டி-யில் இல்லை. பழைய கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப் என்று இருந்தது. மச்சானிடம் கேட்டேன்.

"ஆமா, அது மட்டும் வெளியிலயே இருக்கட்டும்னு வச்சிருந்தேன். அடிக்கடி தேவப்படும்ல." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "ஒங்க லாத்தா கோச்சுக்கிட்டா அதத்தான் போடுவேன்."

டி-யை எடுத்த மனிதர் டெஸ்க்டாப்பை எடுக்கவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தார். பழையதைத் துடைத்து, பண்ருட்டிக்காரர் ஒருத்தருக்கு விற்று அனுப்பியாயிற்று என்று பதில் வந்தது. மச்சான் போனை மடியில் வைத்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"இங்க வாயேன். ஒனக்குப் புடிச்சதே போயிடுச்சு."

லாத்தா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு முகம் வருத்தப்படுவதற்கு அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

"போனாப் போவுது. உடுங்க. என்ன பண்றது" என்றாள்.

"உட்றதா! மாப்ள, பேரெல்லாம் லிஸ்டுல இருக்குல்ல? ஒவ்வொண்ணா தேடி எடுத்துரலாம்."

"பேரு இருக்குதா?" என்று கேட்டாள் லாத்தா. கேட்ட தொனியில் மச்சானே திரும்பிப் பார்த்தார்.

அவர் முதல் பாட்டைத் தேடி எடுத்துப் போட்டார். புல்லாங்குழல் அழுதது, வயலின் அழுதது, பிறகு ஒரு ஆண்குரல் மனைவியைப் பிரிந்த துக்கத்தை ஆரம்பித்தது. அது முதல் வரியை முடிப்பதற்குள் லாத்தா சொல்லிவிட்டாள்.

"வேணாங்க."

"ஏன்?"

"எனக்கு இந்தப் பாட்டு புடிக்காது."

"இது மட்டுமா?"

லாத்தா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். "எல்லாமேதான்" என்றாள்.

பிறகு விஷயம் வெளியே வந்தது. துபாய் போன புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை, மச்சான் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டி, "எப்டி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். லைன் சரியில்லை. லாத்தாவின் காதில் "எப்டி இருக்கே?" என்று விழுந்திருக்கிறது. அவளும் நல்லா இருக்கேன் என்று சொல்லியிருக்கிறாள். அவர் காதில் "நல்லா இருக்கு" என்று விழுந்திருக்கிறது. பாவம் மனிதர், அதே சாயலில் கிடைத்த சோகத்தையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்துவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அவ்வளவு ஆசயா போடுறீங்களேன்னுதான்."

"ஏன், கோவமா இருக்கும்போது இதப் போட்டா நீ ராசியாயிடுவியே?"

"ராசியானாத்தானே நிறுத்துவீங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

"கோச்சுக்கிட்டாங்க போலருக்கு" என்று லாத்தா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். "நீ ஏண்டா சிரிச்ச?" என்று எனக்கும் திட்டு விழுந்தது. நான் ஆச்சரியக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் திரும்பி வந்தார். டீயும் குடித்திருந்தார், மீசையில் இருந்தது. நேராக வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சொன்னார்:

"சரி. சொல்லு. ஒனக்கு எது புடிக்கும்?"

"தம்பி இருக்கான்" என்றாள் லாத்தா.

"இருக்கட்டும். அவந்தானே டைப் அடிக்கணும்."

தயங்கித் தயங்கி லாத்தா சொன்ன முதல் பாட்டு, காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் போடுகிற குத்துப்பாட்டு. அவளுடைய சிநேகிதி வீடு அங்கே இருக்கிறது. அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்து போவாளாம். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாளாம். பாட்டைப் போட்டதும் மேசையே அதிர்ந்தது. மச்சான் முகத்தை நான் வர்ணிக்காமல் விடுகிறேன்.

"இதுல ராகம் எங்கம்மா இருக்கு?"

"ராகம் எதுக்கு? சத்தமா இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டுக் கதவு நிலையில் விரலால் தாளம் போட்டாள். அவளுக்கு அப்படித் தாளம் போடத் தெரியும் என்பது அந்த வீட்டில் இருந்த இரண்டு ஆண்களுக்கும் புதிய செய்தி. மச்சான் பாட்டைப் பார்க்கவில்லை, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "அடுத்தது?" என்றார். குரலில் கோபம் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று சத்தம் ஜாஸ்தி. லாத்தா பாதிப் பாட்டில் "போதும், அடுத்தது போடுங்க" என்று தாண்டச் சொன்னாள். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். 'அவளுக்குப் பிடித்தவை' என்ற பெயரை அதற்கே வைக்கச் சொன்னார். பழைய சோகப் பாட்டுகளை என்ன செய்வது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"தேடி எடுத்து வச்சிரு மாப்ள. 'எனக்குப் பிடித்தவை'ன்னு போடு. எனக்குத்தான் போலருக்கு புடிச்சிருந்துது."

கடலூர் பஸ்ஸில் உட்காருகிற வரை கூடவே வந்தார்.

அடுத்த வாரம் ஆபீசில் வேலை மும்முரமாக இருந்த நேரத்தில் அவரிடமிருந்து போன். வாசலில் லாரிக்காரர்கள் பில்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். லேப்டாப் மறுபடி மக்கர் செய்கிறது போல என்று எடுத்தேன்.

"மாப்ள, ஒன்னயும் இத்தன வருஷமா கேட்டதே இல்ல. நீ வந்தா நானா எதையோ போட்டுட்டு இருக்கேன். ஒனக்கு என்ன பாட்டு புடிக்கும்?"

அன்று காலை அவருடைய தம்பிக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் போன் போட்டு இதையே கேட்டிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. பின்னணியில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லாத்தா ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். லாரிக்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

"கொஞ்சம் டைம் குடுங்க மச்சான்" என்றேன். "யோசிச்சு சொல்றேன்."

"சொல்லு, சொல்லு. அவசரமில்ல" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.