செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆவல

மரவள்ளி லோடு ஏற்றும்போது தங்கதுரையின் கால் முறிந்த வருஷம்தான் அவன் மனைவி இசைவாணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அவனைப் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்து, மழையிலும் பனியிலும் ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். ஒரு கட்டத்தில் அந்த மலைப்பாதை அவள் கைக்குப் பழகிப்போனது.

கால் சரியானதும், "நீ பட்ட கஷ்டம் போதும்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதன் பிறகு அவள் வண்டி எடுக்க நினைத்த நாளிலெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. டயரில் காற்று கம்மி. வானம் மூடிக்கினு இருக்குது. அவன் அடித்ததில்லை, திட்டியதில்லை, வேண்டாம் என்றுகூடச் சொன்னதில்லை. யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது?

கள்ளக்குறிச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தேவிப்ரியா, பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். "பேஷா போ. சாவி ஆணியிலதான் தொங்குது" என்றான் தங்கதுரை.

கிளம்ப வேண்டிய அன்று கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுநாளும் இல்லை. அவள் சாவியைத் திருகத் திருக, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "வுடு, பேட்டரி எறங்கிடப்போவுது. மெக்கானிக்க வரச்சொல்றேன்" என்றான். மெக்கானிக் வரவில்லை. மழையில் மண் சரிந்து பாதி ரோடுதான் இருந்தது, பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். ஜீப்பில் போகலாம்தான். ஆனால் ஜீப்காரர்கள் எல்லோரும் அவனுடைய ஆட்கள். அவள் ஏறி உட்காருவதற்குள் அவனுக்குப் போன் போய்விடும்.

மூன்றாம் நாள் காலையில் அவன் லோடு லாரியோடு ஆத்தூருக்குப் போனான். இசைவாணி காரில் உட்கார்ந்து, கச்சிராயபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் அம்மாசிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, செல்ஃப் நல்லா சுத்துது. ஸ்டார்ட் மட்டும் ஆவல."

"சுத்துதுன்னா பேட்டரி மேல குத்தமில்ல. சாவிய ஆன்ல வச்சிட்டு காத குடும்மா. பின்சீட்டு அடியில ஊம்னு ஒரு சத்தம் வருதா?"

கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சை அடக்கிக் கேட்டாள். பக்கத்து வீட்டுக் கோழி கொக்கரித்தது. வேறு சத்தமில்லை.

"வரலண்ணே."

"அப்ப பெட்ரோல் பம்ப்புக்கு கரண்ட்டு போவல. ஸ்டியரிங்குக்குக் கீழ ஃப்யூஸ் பாக்ஸ் இருக்கும், தொற. மூடியில பம்ப் படம் போட்டிருக்கும். அந்த எடத்துல இருக்கிற ஃப்யூஸு எரிஞ்சிருக்குதா பாரு."

போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். "எரியலண்ணே. அங்க ஃப்யூஸே இல்ல."

 "அது தானா கழண்டு வுழாதும்மா" என்றார் அம்மாசி.

இசைவாணி அந்தக் காலி இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நாளாகத் தங்கதுரை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாவி திருகுவதையும் நெற்றி வியர்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தானே. பேட்டரிக்காகப் பரிதாபப்பட்டானே. கோபத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

"ஹாரன் ஃப்யூஸும் அதே அளவுதான், நீலக் கலர்ல இருக்கும். அத்தப் புடுங்கி இதுல போடு. ஆனா ஹாரன் அடிக்காது. மலையில எப்டிம்மா வருவ?"

"வரேன்ணே."

போட்டாள். பின்சீட்டுக்கு அடியில் ஊம் என்றது. அடுத்த திருகில் என்ஜின் உறுமியது.

இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, எதிரே வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று நின்று நின்று போனாள். மண் சரிந்த இடத்தில் கல் லாரி ஒன்று முட்டுகிறாற்போல் வந்துவிட்டது. டிரைவர் தலையை நீட்டி, "ஹாரன் அடிக்க மாட்டியா?" என்று கத்தினான். அவள் பின்னால் எடுத்து வழிவிட்டாள். 

தேவிப்ரியா அவளை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துருங்க" என்றாள்.

இசைவாணி மலைக்குத் திரும்பாமல், தியாகதுருகத்தில் அம்மா பெரியநாயகி வீட்டுக்குப் போனாள். ஜீப்காரர்கள் மூலம் சேதி தெரிந்து, பொழுது சாயும்போது தங்கதுரை ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"ரோடு கெடக்கிற கெடையில உனக்கு ஒண்ணு ஆவக்கூடாதுன்னுதான் கழட்டி வச்சேன். வா, வூட்டுக்குப் போலாம்" என்றான். குரலில் அதே அன்பு.

அம்மாவும் அவன் பக்கம் நின்று, "கெளம்புடி" என்றாள்.

இசைவாணி கார் சாவியை அவன் கையில் கொடுத்தாள். "வண்டிய எடுத்துக்கினு போ மாமா. நான் வரல."

காருக்குள் உட்கார்ந்து நெடுநேரம் அவளுக்காகக் காத்திருந்தான். பிறகு கிளம்பிப் போனான். பெரியநாயகி சோற்றைத் தட்டில் போட்டு நங்கென்று வைத்தாள். இசைவாணி சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, காலையில் கள்ளக்குறிச்சிக்கு முதல் பஸ் எப்போது என்று பக்கத்து வீட்டில் கேட்கப் போனாள்.