உக்கிரபாண்டி போடாத கையெழுத்து

1961-ஆம் ஆண்டு நான் தொழிலாளர் ஆய்வாளர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தேன். விசாரணைகளில் சாட்சிகள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது என் வேலை. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பஸ் டிரைவர் உக்கிரபாண்டியின் வாக்குமூலம் ஒன்றை எழுதும்போதுதான் பேனாவை நிறுத்திவிட்டு ஆளை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு அவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவரும் அவர் மனைவி முருகேஸ்வரியும் சொன்னவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதுகுளத்தூரிலிருந்து நாலு மைல் தள்ளி இருந்தது அவர் ஊர். சொந்த நிலம் இருந்தது, மிளகாயும் வரகும் போடுவார்கள். வீட்டில் அவரை எந்த வேலைக்கும் நம்பி அனுப்ப முடியாது. உழப் போனால் பாதிச் சாலில் மாட்டை நிறுத்திவிட்டு, பக்கத்துப் புஞ்சையில் என்ன சத்தம் என்று பார்க்கப் போய்விடுவார். விதை வாங்கப் போனவர் இரண்டு நாள் கழித்து, விதை இல்லாமல், யாருடைய வண்டிச் சக்கரத்தையோ சரிசெய்து கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். சோம்பேறி என்றும் சொல்ல முடியாது, நாள் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருப்பார். அவருடைய அய்யா அடித்துப் பார்த்தார். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்தும் பார்த்தார்கள்.

1942-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். அங்கேயும் அதே கதைதான். ஸ்பேர் டயரை முகாமிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியதற்கு ஒரு தண்டனை, அணிவகுப்பில் பேசியதற்கு ஒரு தண்டனை. பர்மா எல்லையில் மலைப்பாதையில் இரண்டு நாள் தூங்காமல் லாரிகள் போக வேண்டியிருந்தபோது, டிரைவர்களுக்கெல்லாம் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வராமல் இருப்பதற்காக.

"மத்தவங்கெல்லாம் கண்ணு முழிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, வாய் ஓயாமப் பேசுறாங்க. எனக்கு மட்டும் எல்லாம் அடங்கிப்போச்சு. அதுவரைக்கும் எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் காதுல விழும், எதைக் கேக்கணும்னு தெரியாது. அன்னைக்குத்தான் எஞ்சின் சத்தம் தனியாக் கேட்டுச்சு" என்று அவர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் மற்றவர்கள் படுக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தபோது இவர் லாரிக்கு அடியில் குறட்டை விட்டுத் தூங்கினார். பட்டாளத்து டாக்டர் ஒரு மலையாளி. அவர் இதைப் பார்த்துவிட்டு இன்னும் சில நாள் கொடுத்துச் சோதித்தார். ஒரு நிலையில் நிற்காத பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் இதைக் கொடுத்துப் பார்த்ததாக எங்கோ படித்திருப்பதாகவும், சிலருக்கு இது இப்படி நேர்மாறாக வேலை செய்யும் போலிருக்கிறது என்றும் சொன்னார். "உன் வியாதிக்குப் பேர் என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ முட்டாள் இல்லை" என்றாராம். போர் முடிந்ததும் அளவு குறித்து ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

1947-இல் அந்தச் சீட்டோடு ஊர் திரும்பினார் உக்கிரபாண்டி. அடுத்த வருடம் முருகேஸ்வரியைக் கட்டிக்கொண்டார். மதுரையில் ஒரு மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி வருவார்.

முருகேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. "நல்லா இருக்கிற மனுசன் எதுக்கு மருந்து திங்கணும்?" என்று கேட்டுப் பார்த்தாள். பதில் திருப்தியாக இல்லை. ஒரு நாள் சீசாவிலிருந்ததை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, அதே மாதிரி வெள்ளையாக இருந்த சோடா மாத்திரையைப் போட்டு வைத்தாள். அவருக்குத் தெரியாது. காலையில் வழக்கம்போல் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். முதல் நாள் கிணற்றில் இறக்கிய வாளியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். இரண்டாம் நாள் மாமனார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பி வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, "திரும்பவும் பழையபடி ஆயிட்டேன் முருகேசு, மருந்து கேக்க மாட்டேங்குது" என்று அழுதார். முருகேஸ்வரி உள்ளே போய் ஒளித்துவைத்ததைக் கொண்டுவந்து கொடுத்து, தான் செய்ததைச் சொன்னாள். அதன்பிறகு தினம் காலையில் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மாத்திரையால் தொந்தரவு இல்லாமலும் இல்லை. வாய் வறண்டு போகும். மத்தியானச் சோறு இறங்காது. மருந்தின் வேகம் இறங்குகிற சாயங்கால நேரத்தில் சள்ளென்று விழுவார், அந்த ஒரு மணி நேரம் முருகேஸ்வரி அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டாள். ஒருமுறை அவசரத்துக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, ஒரு கார்புரேட்டரைக் காலையிலிருந்து இருட்டும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். அதோடு ஒன்றுக்கு மேல் தொடுவதில்லை.

1949-இல் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். முதுகுளத்தூர், பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று எல்லாத் தடத்திலும் ஓட்டினார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. மாத்திரை விஷயம் முருகேஸ்வரிக்கும், அவரோடு ஓடிய கண்டக்டர் அப்துல் குத்தூஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் ஷெட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டபோது சீசா கீழே விழுந்தது. முதலாளி எடுத்துப் பார்த்தார்.

"என்னலே இது?"

உக்கிரபாண்டி சீசாவுக்குக் கை நீட்டினார். தன் புத்திக்கு மருந்து என்று சொன்னால் அன்றே வேலை போய்விடும். "மிலிட்டரியில குடுத்தது முதலாளி. தூக்கம் வராம இருக்கிறதுக்கு" என்று சொல்லிவிட்டார்.

பாதி உண்மைதான். முதலாளிக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

1961-இல் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழா வந்தது. வழக்கத்தைவிடக் கூட்டம். முதலாளி டிரிப்புகளை இரண்டு மடங்காக்கினார், டிரைவர்களைக் கூட்டவில்லை. ஷெட்டில் ஒவ்வொரு முறை டீ கொடுக்கும்போதும் ஆளுக்கு இரண்டு, அதே வெள்ளை மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். உக்கிரபாண்டி அந்த வாரம் மண்டபம் தடத்தில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கூத்தையா என்ற இளம் டிரைவர் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஓட்டினார். மூன்றாம் நாள் விடிகிற நேரம். நடுரோட்டில் ஒரு வெள்ளாட்டு மந்தை நிற்பதாக அவருக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தார். ரோட்டில் ஆடே இல்லை. பஸ் கண்மாய்க்கரையிலிருந்து சரிந்து பக்கவாட்டில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பதினொரு பேருக்கு அடி, சோணையம்மாள் என்ற வயதான பெண்ணுக்குக் கால் முறிந்தது. கூத்தையாவுக்குத் தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்தது.

கூத்தையா குடித்துவிட்டு ஓட்டினார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்து, வேலையை விட்டு நீக்கியது. தொழிலாளர்கள் மனுப் போட்டார்கள். அதை விசாரிக்கத்தான் எங்கள் ஆய்வாளர் பரமக்குடி பயணியர் விடுதியில் முகாம் போட்டார்.

விசாரணைக்கு முதல் நாள் முதலாளி உக்கிரபாண்டியைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாண்டி, பதினஞ்சு வருசமாத் திங்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லு. உண்மையத்தான சொல்லச் சொல்றேன். அடுத்த மாசத்துல இருந்து நீ செக்கிங் இன்ஸ்பெக்டர். கூத்தையா உனக்கு என்ன சொந்தமா?"

"எதிர்த்தாப்புல வந்தா எனக்காக லைட்டைத் தாழ்த்துறவன் முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வெளியே அப்துல் குத்தூஸ் காத்திருந்தார்.

"அண்ணே, மாத்திரை விஷம்னு மட்டும் சொல்லுங்க. நீங்க திங்கிறதைச் சொல்லாதீங்க, லைசென்ஸ் போயிரும். அல்லா ஆணையா நான் காட்டிக்குடுக்க மாட்டேன்."

"விஷம்னு சொன்னா பொய் குத்தூஸு. எனக்கு அது விஷமில்ல."

"அப்ப கூத்தையாவுக்கு?"

"அவனுக்கு விஷந்தான்."

"இதை ஆபீசர் நம்பணும்ல?"

"நம்புறது அவர் வேலை. சொல்றது என் வேலை."

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் முறை வந்தது. நான் மேசையின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி ஆய்வாளருக்கு எதிரில் நாற்காலியில் இருந்தார். கூத்தையா கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்.

உக்கிரபாண்டி எல்லாவற்றையும் சொன்னார். பாதிச் சாலில் மாட்டை நிறுத்தியதிலிருந்து, முருகேஸ்வரி மாத்திரையை மாற்றி வைத்தது வரை. முதலாளியிடம் பாதி உண்மை சொன்னதையும் சொன்னார். "அன்னைக்கு நான் முழுசாச் சொல்லியிருந்தா இவன் எலும்பு முறிஞ்சிருக்காது. அந்தத் தப்பு என்னோடது. எழுதிக்கிடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பேனாவை நிறுத்தியது அப்போதுதான்.

ஆய்வாளர் நம்பவில்லை. "மாத்திரை ஒண்ணு. உனக்குத் தூக்கம் வருது, அவனுக்கு இல்லாத ஆடு தெரியுது. எப்படிய்யா?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது அய்யா. அந்த டாக்டருக்கே முழுசாத் தெரியாது. ஆனா நான் ஒண்ணு தின்னேன், வேலை செஞ்சேன், படுத்துத் தூங்குனேன். இவங்களை நாலும் எட்டும் திங்க வச்சுத் தூங்கவிடாம ஓட்ட விட்டாங்க. இது ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றதுக்கு நான் சாட்சி இல்ல."

முதலாளி குறுக்கிட்டார். "இவன் கூத்தையாவைக் காப்பாத்தக் கதை கட்டுறான். சாதாரண மாத்திரைதான் அய்யா. யாருக்கும் ஒண்ணும் பண்ணாது."

உக்கிரபாண்டி சட்டைப் பையிலிருந்து சீசாவை எடுத்தார். இரண்டு மாத்திரைகளை மேசைமேல் முதலாளியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப முதலாளி தின்னட்டும். தின்னுட்டு இன்னைக்கும் நாளைக்கும் இங்கனயே உக்காந்திருக்கட்டும். நாளைக்கழிச்சு அவர் என்ன சொல்றாரோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்."

முதலாளி மாத்திரையைத் தொடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. கண்டதைத் திங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"கூத்தையாவுக்கு என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டுக் குடுத்தீங்களா முதலாளி?"

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை அப்படியே எழுது" என்று என்னிடம் சொன்னார்.

கூத்தையா குடித்திருந்தார் என்ற குற்றச்சாட்டு தள்ளுபடியானது. எலும்பு கூடியதும் அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஷெட்டில் மாத்திரை கொடுப்பது நின்றது, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்லக்கூடாது என்று உத்தரவானது.

உக்கிரபாண்டியின் வாக்குமூலம் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியிடமும் போனது. லைசென்ஸை நிறுத்திவைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். முருகேஸ்வரியும் கூடப் போனாள். அதிகாரி நல்ல மனிதர்தான். 'இனிமேல் இந்த மருந்தைச் சாப்பிட மாட்டேன்' என்று எழுதி வைத்திருந்த காகிதத்தைத் தள்ளினார்.

"கையெழுத்துப் போடுங்க. லைசென்ஸ் இன்னைக்கே கையில."

"திங்காம ஓட்டுனா நான் ஜனங்களைக் கொன்னுருவேன் அய்யா. தின்னுட்டு ஓட்டலாம்னு எழுதுங்க, போடுறேன்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "போட்டுட்டுப் போங்களேன். வீட்டுல நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு வந்து பாக்கவா போறோம்?"

"ஒளிச்சு வச்சு ஒருத்தன் எலும்பு முறிஞ்சது போதும் அய்யா. ஒளிக்கிறதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

முருகேஸ்வரி காகிதத்தை எடுத்து அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தாள். "அவர் போட மாட்டாரு. நாங்க வாரோம்" என்றாள்.

லைசென்ஸ் வரவே இல்லை. இரண்டு வருடம் மனு எழுதினார். அவற்றில் ஐந்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வியாதியே புத்தகத்தில் இல்லை என்று எழுதினார். ஊரில் 'மாத்திரைப் பாண்டி' என்று பேர் விழுந்தது. அப்படிக் கூப்பிட்டவர்களுக்கு அவர் சாதாரணமாக 'என்ன?' என்று பதில் சொன்னார். பேர் ஒரு வருடத்தில் உதிர்ந்துபோனது.

முதுகுளத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, மோட்டார் ரிப்பேர் ஆரம்பித்தார். எஞ்சின் மூடியைத் திறக்காமல் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். காலையில் மருந்து பிடித்தபின், பத்து மணிக்குத்தான் நுணுக்கமான வேலைகளைத் தொடுவார். சாயங்காலம் டயர் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது மாதிரியான வேலைகள். முருகேஸ்வரி கரும்பலகையில் யார் வண்டி, என்ன வேலை என்று எழுதிவைப்பாள். அவள் எழுதாத வேலையை அவர் தொடக்கூடாது என்பது கொட்டகையின் சட்டம்.

1967-இல் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தான். டிரைவர்கள் கிடைக்கவில்லை. பயணிகள் ஏறியிருந்த கம்பெனி பஸ் ஒன்றிலேயே கொட்டகைக்கு வந்து, "பழசையெல்லாம் விட்ருங்க. புது லைசென்ஸ் ஆபீசர் நமக்குத் தெரிஞ்சவரு. கையெழுத்து எதுவும் வேண்டாம். நாளைக்கே வந்து வண்டியை எடுங்க" என்றான். நான் அன்று அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

உக்கிரபாண்டி அவன் வந்த பஸ்ஸைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

"பின் பிரேக் பிடிக்கல. இதோட எப்படி இம்புட்டு ஆளை ஏத்திக்கிட்டு வந்தீங்க? வண்டி இங்கனயே நிக்கட்டும், சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தாரேன். ஓட்டுறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"ஏன், பயமா இருக்கா?"

"பயமில்ல தம்பி. தெரிஞ்சவரு குடுக்கிற லைசென்ஸ் எனக்கு வேண்டாம். தெரியாதவன் ஒருத்தன் என்னை முழுசாப் பாத்துட்டு, நீ ஓட்டலாம்னு எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கு வாரேன்."

பயணிகளை இறங்கச் சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்து வந்தார். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முருகேஸ்வரி அதற்குள் கரும்பலகையில் பஸ்ஸின் நம்பரை எழுதத் தொடங்கியிருந்தாள்.