பிசிறு வெட்டிய பாட்டு

இந்தக் காலத்துப் பாட்டையெல்லாம் ஸ்டுடியோவிலேயே கெடுத்துவிடுகிறார்கள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு பாட்டைக் கெடுத்தவன் நான். அது என் மனைவி பாடிய பாட்டு.

அப்போது மண்ணரையில் குடியிருந்தோம். இருவருமே தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். நான் இன்னொரு கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பு. தைத்து வந்த பீஸை மேசையில் பரப்பி, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கோணல் தையலோ இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிசிறு நூலை வெட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது. ரசத்தில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லிவிடுவேன். "அதுலயும் ஒரு ஸ்டிக்கர ஒட்டிருங்க" என்பாள்.

சர்ச் பாடகர் குழுவில் அவள் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டை மட்டும் தனியாகப் பாட விடுவார்கள். உச்சத்துக்குப் போகும்போது குரல் லேசாக உடையும். அடுத்த அடிக்கு முன்னால் அவள் மூச்சை இழுப்பது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். எனக்குக் கூச்சமாக இருக்கும். எஃப்.எம்.மில் வருகிற பாட்டுகளில் யாரும் அப்படி மூச்சு வாங்குவதில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருடம் அவள் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் குரல் மாறினாலும் மாறலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பாட்டை மட்டும் பதிவு செய்துவைக்க வேண்டும் என்றாள். அதுவரை அவள் குரலை யாரும் தனியாகப் பதிவு செய்ததில்லை.

வீரபாண்டியில் ஒரு மாடி வீட்டில் ஸ்டுடியோ இருந்தது. கடைத் திறப்பு விளம்பரம், பக்திப் பாட்டு எல்லாம் அங்கேதான் எடுப்பார்கள். சத்தம் வெளியே போகாமலிருக்க, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்திருந்தார் அதை நடத்தியவர். அவள் நான்கு தடவை பாடினாள். அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டோம். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் மட்டும் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இந்த மூச்செல்லாம் இருக்கட்டுங்களா?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

"எடுத்துருங்க."

"இந்த எடத்துல கொரலு கொஞ்சம் ஒடையுதுங்க. கேக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது."

"அதையும் சரி பண்ணிருங்க."

மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். எந்த இடத்தில் எது பிசகினாலும் விரலால் திரையைத் தொட்டுக் காட்டினேன். அவர் சொன்னதைச் செய்தார். கம்ப்யூட்டரும் சொன்னதைத்தான் செய்தது. பின்னணியில் வயலினும் சேர்ந்த பிறகு கேட்க சினிமாப் பாட்டு மாதிரியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும்போது, "அம்மிணி பாடுன ஒரிஜினல வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லேபிள் தைத்த பீஸ் ரிஜெக்ட் ஆனால் அதை முழுசாக வெளியே விட மாட்டோம். நடுவில் கத்தரியை வைத்து வெட்டித்தான் வேஸ்ட் மூட்டையில் போடுவோம். குறையுள்ள சரக்கு எங்காவது தெருவில் தொங்கினால் கம்பெனி பேர் கெட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் சொன்னேன்.

"வேண்டாங்க. நாலையும் அழிச்சுருங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் திரும்பவில்லை. கரகரவென்று, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு நின்றுவிட்டது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு சி.டி.யைப் போட்டுக் காட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடி முதல் சரணம் முடியும்வரை அசையாமல் கேட்டாள்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. பாடுதது யாரு?"

அவள் கேலி செய்யவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. மறுநாள் வீரபாண்டிக்குப் போய், ஒரிஜினல் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். "நீங்க சொன்னதுமே அழிச்சுட்டனுங்களே" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த சி.டி.யை அவள் தூக்கிப் போடவில்லை. சில வாரம் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டே மறுபடியும் போடச் சொன்னாள். இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் சட்டென்று கையை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னாள். மறுபடியும் கேட்டாள். வயலின் சத்தம் அடங்குகிற இடத்தில், அதற்கு அடியில், ஒரு சின்ன மூச்சு இழுப்பு. அரை நொடிகூட இருக்காது.

"இது நாந்தான்" என்றாள், அந்தக் கரகரத்த குரலில்.

அந்த மூன்று மணி நேரத்தில் என் கண்ணுக்குத் தப்பியது அது ஒன்றுதான்.